மணிக்கட்டில் ஒரு துளி

"மேடம், கிருமியைக் கொல்றது இலையா, வெள்ளியா?"

வேதநாயகம் கேட்டபோது நஸீமா கை கழுவிக்கொண்டிருந்தாள்.

பள்ளியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவர் அவர். தலை நரைத்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்தார். வழிகாட்டி நஸீமா அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவள். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

நொச்சி இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றை வெள்ளி உப்புக் கரைசலில் ஊற்றுவதுதான் அவர் வேலை. நிறமற்ற நீர் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் உருவாகிவிட்டன என்று அதற்கு அர்த்தம். கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டில் அதைச் சொட்டினால், சொட்டிய இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் தெளிந்துவிடும். அந்த வட்டத்துக்குள் ஒரு கிருமியும் இருக்காது.

அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் அவர் சந்தோஷமாக இருந்தார்.

நஸீமாதான் கெடுத்தாள். இலைச்சாற்றைத் தனியாகவும் வெள்ளி உப்பைத் தனியாகவும் சொட்டிப் பார்க்கச் சொன்னாள். சாறு எதையும் கொல்லவில்லை. உப்பு மட்டும் சொட்டிய தட்டில் வட்டம் இன்னும் பெரிதாக இருந்தது.

"அப்ப இலை எதுக்கு மேடம்?"

"இப்ப என்ன அவசரம் சார்?"

அவர் தயங்கித்தான் சொன்னார். மனைவி எப்சிபாவுக்குச் சர்க்கரை. கால் விரலில் புண் ஆறவில்லை. டாக்டர் உடனே ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருக்கிறார். அவள் போக மறுக்கிறாள். உங்கள் மருந்து வரட்டும் என்கிறாள். ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப்போகலாமா?

நஸீமா கையை நீட்டினாள். அவர் தன் பழுப்புக் கரைசல் இருந்த பாட்டிலைக் கொடுத்தார்.

அவள் அதிலிருந்து ஒரு துளியைத் தன் இடது மணிக்கட்டில் விட்டாள். அலமாரியிலிருந்து வேறொரு பாட்டிலை எடுத்து, அதில் ஒரு துளியை வலது மணிக்கட்டில் விட்டாள். அதுவும் நொச்சிச்சாறும் வெள்ளியும்தான், அவள் செய்தது.

"நாளைக்கு வாங்க சார்."

பஸ்ஸில் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. கேள்வி ஒன்று, அவள் செய்தது வேறொன்று. தன்னை வைத்து விளையாடுகிறாளோ என்றுகூடத் தோன்றியது. வீட்டில் எப்சிபா, கொண்டுவந்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் நஸீமா இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள்.

வலது மணிக்கட்டில் ஒன்றுமில்லை.

இடது மணிக்கட்டில் பொட்டளவுக்குக் கறுத்துப்போயிருந்தது. அவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். தேய்த்தும் போகவில்லை. தோலே கறுத்திருந்தது.

"உங்களுதும் கிருமியைக் கொல்லுதா மேடம்?"

அவள் தன் தட்டைக் காட்டினாள். வட்டம் இருந்தது. அவருடையதைவிடச் சின்னது.

அவருக்கு இன்னும் குழம்பியது. சின்ன வட்டம் எப்படி நல்லதாகும்? இரண்டும் நொச்சி, இரண்டிலும் அதே வெள்ளி.

"இலைச்சாறு ஊத்தின பிறகு எவ்வளவு நேரம் விட்டீங்க?"

"நிறம் மாறுற வரைக்கும்."

"மாறினதும்?"

"எடுத்துட்டேன்."

"நான் எடுக்கல சார். மாற ஒண்ணுமில்லைங்கிற வரைக்கும் விட்டேன். அப்புறம் துகளைக் கழுவினேன்."

அவ்வளவுதான். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டாள்.

வேதநாயகம் தன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நல்ல பழுப்பு. அந்தப் பழுப்புக்குள், இலை துகளாக்காமல் விட்ட உப்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. வட்டத்தைப் பெரிதாக்கியதும் அந்த உப்புதான், மணிக்கட்டைக் கறுக்கவைத்ததும் அதுதான். பச்சைப் புண் அவர் நினைவுக்கு வந்தது. தோல்கூட இல்லாத இடம்.

பாட்டிலை மேசையில் வைத்தார். பிறகு ஃபோனை எடுத்தார்.

"எப்சிபா, கிளம்பி இரு. இப்பவே வர்றேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"உங்க மருந்து?"

"அது இன்னும் மருந்தாகல."