சுட்டி வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில், கணினிக்குள் இருப்பவையும் நம்மைப் போலவே பேசும். அப்போது எங்கள் உப்பளத்தில் மூன்று அநியாயங்கள் நடந்து முடிந்திருந்தன. முதலில், கடல்நீர் வரும் ஓடையை முதலாளி அடைத்தார். அடுத்து, பாத்தி காய்ந்துவிட்டது, வேலை இல்லை என்றார். மூன்றாவதாக, வருகைப் பதிவேட்டிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு பேரை நீக்கினார். முதலில் அடிக்கப்பட்ட பெயர் சுடலைவடிவு.

நாங்கள் வழக்குப் போட்டதும், இவர்கள் இங்கே வேலை செய்ததே இல்லை என்று முதலாளி நீதிமன்றத்தில் சாதித்தார். எங்களிடம் இருந்த காகிதங்களை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. எங்களுக்கு மிஞ்சிய ஆதாரம் சங்கக் கணினியில் இருந்த தரவுத்தளம் ஒன்றுதான். பெயர், சேர்ந்த தேதி, கைரேகை எல்லாம் அதில் இருந்தன.

அது பெருத்ததால் கணினியில் இடம் போதவில்லை. இரவல் வாங்கிய ஹார்ட் டிஸ்க்குக்கு அதை மாற்றிவிட்டு, பழைய இடத்தில் ஒரு சுட்டியை, வழி மட்டும் எழுதிய சிறு கோப்பை, நிறுத்தினோம். தேடி வருபவர்களுக்கு ‘அங்கே போ’ என்று கைகாட்டுவதுதான் அதன் வேலை. வெளியே பார்த்தால் எல்லாம் அங்கேயே இருப்பதுபோலத் தெரியும்.

பிறகு யாரோ புதிய கணினி ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் இயங்குதளம் வேறு, பாஷையும் வேறு. சங்கச் செயலாளர் ஜெபமணி எல்லாவற்றையும் அள்ளி அதில் ஏற்றினார். சுட்டி மறித்தது.

“அண்ணாச்சி, என்னைத் தூக்கிட்டுப் போயி பிரயோசனமில்ல. எங்கிட்ட ஒரு பேரும் கிடையாது. நான் கை காட்டுறவன்.”

“முப்பது வருசமா கை காட்டுறவனுகளைத்தாம்ல பாத்துட்டு வாரேன். பேசாம ஏறு.”

புதிய கணினியில் ‘அளத்துப் பெயர்கள்’ என்ற தலைப்பு தெரிந்தது. திறந்து பார்க்கவில்லை. துண்டறிக்கையின் தலைப்பைப் பார்த்தே கைதட்டிப் பழகியவர்கள் நாங்கள். ஜெபமணி பழைய கணினியை அழித்தார். இரவல் டிஸ்க்கையும் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

விசாரணை நாளில் நீதிபதி பெயர்களைப் படிக்கச் சொன்னார். திறந்தால் ஒரே வரி, இரவல் டிஸ்க்குக்குப் போகும் வழி. இது எந்தப் பாஷை என்று எனக்குத் தெரியாது, இருக்கிற எழுத்தைக் காட்டுகிறேன் என்றது புதிய கணினி. ஜெபமணி சுட்டியைக் கெஞ்சினார். அது இல்லாத டிஸ்க்கை நோக்கிக் கை நீட்டியபடி நின்றது. வாய் திறக்கவில்லை. முதலாளியின் வக்கீல் சிரித்தார். வழக்கு தள்ளுபடியானது.

வாசலில் நின்ற சுடலைவடிவு கேட்டாள். “எம் பேரு வந்துச்சா?”

அடுத்த மழைக்கு அவள் இல்லை.

அன்று முதல்தான் சுட்டி பேசுவதில்லை. காட்டும் இடம் அழிந்தாலும் காட்டிக்கொண்டே நிற்கிறது. அன்று முதல்தான் நாங்களும், நினைவிலிருந்து திரும்ப எழுதிய பட்டியலை இடம் மாற்றும்போதெல்லாம், பழையதை அழிக்கும் முன் புதியதைத் திறந்து, இரண்டு சாட்சிகள் முன் அதிலுள்ள முதல் பெயரை வாய்விட்டுப் படிக்கிறோம். அதனால் யாருக்கும் வேலை திரும்பவில்லை. ஆனாலும் படிக்கிறோம்: சுடலைவடிவு, மூன்றாம் பாத்தி.