கல்லாக உட்கார்ந்த ஆமை

குளத்தங்கரையில் குளிர்காய்ச்சல் பரவியது. கோரைக்கிழங்கைத் தவிர வேறு தீனி இல்லாத எலிகளும் முயல்களும் சுருண்டு சுருண்டு படுத்தன. காய்ச்சலைத் தீர்க்கும் நிலவேம்பு சிங்கராஜாவின் மலையில்தான் முளைத்தது. ராஜா சொல்லாமல் அங்கே யாரும் கால் வைக்க முடியாது.

"என் குட்டி நேத்துலேர்ந்து கண்ணே தொறக்கலை அக்கா!" என்று அழுதது முயல்.

"அழாதே! நான் சபையிலே கேட்டுட்டு வர்றேன்," என்றது ஓட்டாயி என்ற ஆமை.

சிங்கராஜாவின் சபையில் ஒரு வழக்கம் உண்டு. குறை உள்ளவர் ஒரு கல்லைக் கொண்டுவந்து வரிசையில் வைக்க வேண்டும். ராஜாவின் காலடியில் இருக்கும் கல்லுக்குத்தான் முதல் பேச்சு. முறை வராமல் வாய் திறந்தால் வெளியே தள்ளிவிடுவார்கள். சபை கலைந்ததும் மிச்சக் கற்களை நரி மந்திரி பள்ளத்தில் உருட்டிவிடும். ராஜாவுக்கோ, கண்ணில் படாத எதுவும் நினைவில் நிற்காது.

ஓட்டாயியின் கல்லை நரி கடைசியில் தள்ளியது. அன்று மயிலுக்கு எங்கே மேடை போடுவது என்று பேசியே சபை கலைந்தது. மறுநாள் யானையின் பவனிக்கு எத்தனை மாலை என்று பேச்சு. இரண்டு நாளும் கல் பள்ளத்துக்குத்தான் போனது.

"இந்தக் காய்ச்சல் கதையெல்லாம் அடுத்த மழைக்கு அப்புறம் பாத்துக்கலாம், போ!" என்று சிரித்தது நரி.

ஓட்டாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கல்லை வெச்சா உருட்டிவிடுறியா? இனிமே நானே கல்லு!"

மூன்றாம் நாள் தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தது. சபை கலைந்ததும் நரி உற்றுப் பார்க்காமலே அதையும் உருட்டிவிட்டது. கடகடவென்று பள்ளத்தில் விழுந்ததில் ஓடு கீறிப்போயிற்று. பாவம், வலி தாங்க முடியவில்லை! ஆனாலும் முயல்குட்டியை நினைத்துக்கொண்டு மேலே ஏறி, மறுபடியும் வரிசையின் கடைசியில் கல்லாக உட்கார்ந்தது.

நான்காம் நாள் சபையில் மயில் ஆடிக் காட்டியது. எல்லோரும் வாய் பிளந்து நின்றார்கள். ஓட்டாயி ஒரு விரற்கடை நகர்ந்தது. நின்றது. மறுபடி ஒரு விரற்கடை. ஆமை நகர்வது யார் கண்ணில் படும்! ஆட்டம் முடிந்தபோது அது ராஜாவின் காலடியில் இருந்தது.

"இது யாரு கல்லு?" என்றது சிங்கம்.

நரி திருதிருவென்று விழித்தது. "மகராஜா, இது கடைசியிலே கிடந்த கல்லு! இதோ தூக்கிப் போட்டுடறேன்!"

"என் காலடியிலே இருக்கே! வழக்கத்தை மாத்த நீ யாரு?" என்று உறுமியது சிங்கம். "கல்லை வெச்சவங்க பேசலாம்!"

கல்லிலிருந்து ஒரு தலை நீண்டது!

"வெச்சவளும் நான்தான், கல்லும் நான்தான் ராஜா! குளத்தங்கரையே பட்டினியிலும் காய்ச்சலிலும் கிடந்து சாகுது. உங்க மலையிலே நிலவேம்பு வீணா காயுது, பழமெல்லாம் விழுந்து அழுகுது. வழியைத் திறந்துவிடுங்க!"

சிங்கத்தின் முகம் வாடியது. "இத்தனை நாளா யாரும் எனக்குச் சொல்லலையே!"

"மூணு நாளா சொல்ல வந்தேன் ராஜா. மூணு நாளும் எங்க குறை பள்ளத்திலே கிடந்தது!"

சபை மொத்தமும் நரியைத் திரும்பிப் பார்த்தது. நரி தன் வாலைப் பார்த்துக்கொண்டது.

அன்றே மலைப்பாதை திறந்தது. யானை பவனியை விட்டுவிட்டு நிலவேம்பையும் பழங்களையும் சுமந்து வந்தது. கஷாயம் குடித்த முயல்குட்டி மூன்றாம் நாள் கண் திறந்து, "அம்மா, பசிக்குது!" என்றது. குளத்தங்கரையில் ஒரே ஆரவாரம்!

அதற்கு மறுநாள் சபையில் பார்த்தால், ராஜாவின் காலடியில் மறுபடியும் ஓட்டாயி!

"அதான் முடிஞ்சுபோச்சே, இன்னும் என்ன?" என்று எரிந்து விழுந்தது நரி.

"ஒரு குட்டிதானே எழுந்திருக்கு? கடைசி எலிக்குட்டியும் எழுந்து ஓடுற வரைக்கும் இந்தக் கல்லு இங்கேதான்!"

சிங்கராஜா சிரித்துக்கொண்டே தன் காலைச் சற்று ஒதுக்கி அதற்கு இடம் கொடுத்தது.

ஏழைகளின் பசியும் நோயும் தீர வேண்டுமானால், எத்தனை முறை ஒதுக்கித் தள்ளினாலும் ஆள்பவரின் கண்முன்னே அவற்றை மீண்டும் மீண்டும் கொண்டுவந்து வைக்கச் சலிக்கக் கூடாது.