மருந்தின் புளிப்பு

செண்பகராஜனுக்கு வயது நாற்பத்தாறு. பதினெட்டு வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கறாராகக் காலம் தள்ளிவிட்டு, மயக்க மருத்துவம் படிக்க வந்தவர். அவருக்குப் பாடம் சொல்லும் டாக்டர் ரெஜினாவுக்கு முப்பத்தைந்துதான். இவர் 'மேடம்' என்பார், ரெஜினா 'சார்' என்பார். யாருக்கு யார் குரு என்று புது நர்ஸுகள் குழம்பிப்போவார்கள்.

அன்று காலை ஆறாம் படுக்கைப் பெண்ணின் வயிற்றில் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கத் தொடங்கியது. உடனே ஆபரேஷன். பிரசவ வலிக்காக முதுகில் செருகிய மெல்லிய குழாய் ஏற்கெனவே இருந்தது. அதில் விடும் மருந்து சட்டென்று மரத்துப்போக வைக்காவிட்டால் முழு மயக்கம்தான்.

"தூங்க வச்சிராதீங்க," என்று அவள் கெஞ்சினாள். "ரெண்டு பிள்ளை தங்காமப் போச்சு. இது அழுறத என் காதால கேக்கணும்."

ரெஜினா மரப்பு மருந்தில் சோடா உப்புக் கரைசலைச் சிறிது கலந்து, குழாயில் செலுத்தினார்.

"அதே மருந்துதானே மேடம்? உப்பு சேர்ந்தா ஏன் வேகமாகுது?"

"அப்புறம் சொல்றேன். மரத்திருக்கா பாருங்க."

செண்பகராஜன் சற்றுப் பொறுத்து, ஐஸ்கட்டியை அவள் வயிற்றில் வைத்தார். "குளிருதா?"

"குளிருது."

மறுபடி வைத்தார். "இப்ப? சரியாச் சொல்லும்மா, நேரமில்ல!"

"குளிருது சார்! குளிருது!"

அவர் முகம் வாடிவிட்டது. "மரக்கல மேடம். தூங்க வச்சிரலாம்."

ரெஜினா ஐஸ்கட்டியை வாங்கிக்கொண்டார். "உங்க பேரென்னம்மா?"

"பேச்சித்தாய்."

"பேச்சித்தாய், என்னைப் பாருங்க." கட்டியைத் தோளில் வைத்தார். "எப்படி இருக்கு?"

"சில்லுனு."

பிறகு வயிற்றில் வைத்து, மெல்ல மேலே நகர்த்தினார். "அதே மாதிரியா?"

அவள் யோசித்தாள். "இல்லம்மா. என்னமோ தொடுற மாதிரி இருக்கு. அவ்வளவுதான்."

கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டது. பேச்சித்தாய் அதைக் கேட்டுக் கேட்டு அழுதாள். செண்பகராஜனுக்கும் கண் கலங்கியது. மாஸ்க் சரியில்லை என்று முணுமுணுத்தார்.

கை கழுவும்போது ரெஜினாவை விடாமல் பிடித்துக்கொண்டார். "இப்பச் சொல்லுங்க மேடம்."

"மருந்து புளிப்பா வருது. அந்தப் புளிப்போட நரம்புக்குள்ள சட்டுனு நுழையாது. உப்பு அதைக் கொஞ்சம் குறைக்குது."

"அப்ப கம்பெனிக்காரன் புளிப்பில்லாமலே செய்ய வேண்டியதுதானே?"

"சீக்கிரம் கெட்டுப்போகும். புளிப்பு இருந்தாத்தான் வருஷக்கணக்கா நிக்கும்."

"அப்ப புளிப்பு நல்லதா, கெட்டதா?"

"அலமாரியில நல்லது சார்."

அவர் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ரெஜினா அடுத்த கேஸ் தாளை எடுத்தார். ஆனால் அவரிடம் கொடுக்கவில்லை.

"எட்டாம் படுக்கை அம்மா பேரு என்னன்னு கேட்டுட்டு வாங்க."