ஜமீன்தாருக்குத் தெரியாத ஊர்

நெல்லைச் சீமையில் ஒரு ஜமீன்தார். எந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலும் “தெரியும்” என்பார். தனக்குத் தெரியாத ஊரைச் சொன்னால் தன் குதிரையைத் தருவதாகப் பந்தயம். தோற்றவன் கூலியில்லாமல் பல்லக்குத் தூக்க வேண்டும். திண்டுக்கல் பூட்டு, தஞ்சாவூர் பொம்மை என்று ஆரம்பித்தவர்களெல்லாம் இப்போது பல்லக்கடியில்.

சவரம் செய்ய வந்த மாடக்கண்ணு மெல்லக் கேட்டான். “எசமான், கிளிமூக்குமலைன்னு ஒரு ஊரு...”

“தெரியும்லே. போன மாசம்தான் அந்த ஊர்க் கோயில்ல கும்பிட்டு வந்தேன்.”

“கும்பிட்டவங்க மீசையைக் காணிக்கையா எடுக்கணுமாமே?”

“அதுவும் தெரியும்.”

“அப்போ அசையாம இருங்க” என்று மாடக்கண்ணு கத்தியை மேலுதட்டுக்குக் கொண்டுபோனான்.

ஜமீன்தார் மீசையைப் பொத்திக்கொண்டு அலறினார். “எடுலே கத்தியை! அப்படியொரு ஊரே எனக்குத் தெரியாது!”

குதிரையோடு வெளியே வந்தவனைப் பல்லக்குக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். “அந்த ஊரு எங்கப்பா இருக்கு?”

“எனக்கும் தெரியாதுண்ணே. இனி குதிரையில போய்த்தான் தேடணும்.”