மேசைமேல் வராத கோடு

இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்தொன்பது, குருவுக்கு முப்பத்தாறு. அதனால் குரு சீடரை ‘சார்’ என்பார், சீடர் குருவை ‘டீச்சர்’ என்பார். இதில் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் கொஞ்சம் குழப்பம்.

குருவின் பெயர் ஸ்டெல்லா. திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். சென்டரை மூடியதும் அதே மாடியில் பழுது பார்க்கும் கடை போட்டார்.

சீடர் தண்டபாணி நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று தொழில் கற்க வந்தார். வந்தவர் நன்றாகவே கற்றுக்கொண்டார். தொந்தரவு அங்கேதான் ஆரம்பித்தது.

எந்த சி.பி.யு. வந்தாலும் மேசைமேல் படுக்கப்போடுவார். பக்கத்து மூடியைக் கழற்றுவார். ஊதுவார், துடைப்பார், ஓடவிட்டுப் பார்ப்பார். கோளாறு தெரிந்தால் சரிசெய்வார். தெரியாவிட்டால் நல்லாத்தான் இருக்கு, எடுத்துட்டுப் போங்க என்று அனுப்பிவிடுவார். தன் கண்ணில் படாத கோளாறு கோளாறே இல்லை என்பது மில்லிலிருந்து கூடவே வந்த பழக்கம். அங்கே மெஷின் நின்றால் அவர் முதலில் முறைத்தது மெஷினை அல்ல, அதை ஓட்டியவனை.

அவரிடம் வந்து மாட்டிக்கொண்டவர் சோலைராஜ்.

சோலைராஜுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் போஸ்டர், ஃபிளெக்ஸ் டிசைன் செய்யும் சின்னக் கடை. அதற்கு முன்பு மச்சினன் பிரஸ்ஸில் சம்பளத்துக்கு இருந்தார். மனைவியின் தம்பியை நாலு பேர் முன்னால் ‘முதலாளி’ என்று கூப்பிட்டு வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஒருநாள் வாய்த்தகராறு முற்றி, இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து தொடங்கிய கடை இது.

கடை என்றால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூல், ஒரு பழைய கம்ப்யூட்டர். மூடிப்போன ஒரு கேம் சென்டரிலிருந்து வாங்கியது. உள்ளே செங்கல் மாதிரி கனமாக, இரண்டு விசிறி வைத்த கிராஃபிக்ஸ் கார்டு. திரையில் படம் காட்டுவதுதான் அதன் வேலை. அந்த ஒரு வேலையைத்தான் அது செய்ய மாட்டேன் என்றது.

வேலை மும்முரமாகப் போகும்போது திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் கிளம்பும். அப்புறம் எல்லாம் அப்படியே உறைந்துவிடும். காதுகுத்து ஃபிளெக்ஸ் என்றால் நாளைக்குத் தருகிறேன் என்று சமாளிக்கலாம். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. உடலை எடுப்பதற்கு முன்னால் சுவரில் ஒட்டியாக வேண்டும்.

முதல் தடவை சோலைராஜ் சி.பி.யு.வைத் தூக்கிக்கொண்டு வந்தபோது தண்டபாணி கார்டைக் கழற்றினார். அதன் தங்க நிறப் பல்வரிசையைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தார். சூடு இறங்க புது பேஸ்ட் தடவினார். மத்தியானம் முழுக்க வீடியோ ஓடவிட்டார். ஒரு கோடு வரவில்லை. அனுப்பினார்.

மறுநாளே அது திரும்பி வந்தது. இந்தத் தடவை ரேமை மாற்றினார், பவர் சப்ளையை மாற்றினார், எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றினார். கோடு வரவில்லை. அனுப்பினார்.

அதற்கடுத்தும் வந்தது. இந்தத் தடவை சோலைராஜ் படியேறும்போதே சத்தம் கேட்டது.

தண்டபாணியும் சளைக்கவில்லை. உங்க கடையில கரண்டு சரியில்லை என்றார். வயர் சரியில்லை என்றார். நீங்க இல்லாதப்ப யாரோ கேம் விளையாடிச் சூடேத்துறாங்க என்றார். கடையில் தன்னைத் தவிர ஆளே இல்லை என்று சோலைராஜ் சொன்னார். அப்படியானால் நீங்களே விளையாடுகிறீர்கள் என்று தண்டபாணி சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனால் வாயிலிருந்து வந்ததைத் திருப்பி வாங்கிக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

சோலைராஜ் மேசைமேல் சாதுவாகப் படுத்துக் கிடந்த சி.பி.யு.வைப் பார்த்தார். ஓடவிட்ட வீடியோவில் ஒரு கிளி பறந்துகொண்டிருந்தது. ஒரு இறகுகூடப் பிசகவில்லை.

“சார், உங்க மேசைமேல இது தங்கமா இருக்கு. என் கடைக்கு வந்தா பேயாடுது. எனக்கென்ன, பொழுதுபோகாமலா தூக்கிட்டு வர்றேன்?”

“என் கண்ணு முன்னால ஒரு கோடு வரட்டும் தம்பி. ஒத்துக்கறேன்.”

“வேணாம் சார். நாளைக்கு ஒரு நாள் பாக்கறேன். நாளைக்கும் இப்படித்தான்னா கடையைப் பூட்டிட்டு மச்சினன்கிட்டயே போய் உக்காந்துடறேன். அவன் சிரிப்பான். சிரிச்சுட்டுப் போறான்.”

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்க என்னவோ போலிருந்தது. வயர்களைப் பிடுங்கினார், சி.பி.யு.வைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

ஸ்டெல்லா கடையின் மறுகோடியில் ஒரு லேப்டாப்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. வேலையிலிருந்து நிமிரவில்லை. அதுவே தண்டபாணிக்கு எரிச்சலாக இருந்தது.

“நீங்களே சொல்லுங்க டீச்சர். என் கண்ணு முன்னால ஓடுது. அந்தாளு ஓடலேங்கறாரு. நான் எதை நம்பறது?”

ஞானக் கதைகளில் வரும் குருமார்கள் இந்த இடத்தில் புன்னகை செய்வார்கள். ஸ்டெல்லா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“நாளைக்கு இங்க வர வேணாம் சார். நேரா சோலையண்ணன் கடைக்கு வந்துருங்க.”

“நோயாளிதானே டீச்சர் ஆஸ்பத்திரிக்கு வரணும்?”

“வந்து வந்து போயிட்டாரே.”

மறுநாள் தண்டபாணி போனபோது ஸ்டெல்லா ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். தண்டபாணி வழக்கம்போல் சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர் வைத்திருந்தார். ஸ்டெல்லா கையை நீட்டி அதை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எதையும் தொடக் கூடாது, எதையும் கேட்கக் கூடாது, ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றார். சூப்பர்வைசராக இருந்த மனிதருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

சோலைராஜ் அவர்களை வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை. அவருக்கு நேரமில்லை. ரவுண்டு ரோடு பக்கம் ஒரு பெரியவர் தவறிவிட்டார், நாலு மணிக்கு எடுக்கிறார்கள். பெரியவரின் மகன் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இதோ ஆச்சு, இதோ ஆச்சு என்று சோலைராஜ் சொல்லிக்கொண்டே இருந்தார்.

தண்டபாணி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வெறித்துப் பார்த்தார். திரையில் பெரியவரின் முகம். பக்கத்தில் விளக்கு, பூமாலை. கீழே பேரன் பேத்திகளின் பெயர்கள் முடிவில்லாமல் போயின. சி.பி.யு. மேசைக்கு அடியில் தரையில் நின்றது. வெயில் ஏற ஏறக் கடைக்குள் புழுங்கியது. ஒரு மணி நேரம் போயிற்று, ஒன்றும் ஆகவில்லை. நான்தான் அப்பவே சொன்னேனே என்கிற முகத்தை அவர் தயாராக வைத்துக்கொண்டார்.

அப்போது பெரியவரின் நெற்றியில் பச்சையாக ஒரு கோடு வந்தது.

அடுத்து ஊதா. பிறகு முகம் முழுக்கக் கோடு. சோலைராஜ் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். திட்டவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை.

தண்டபாணியால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. டீச்சர் சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று. பாய்ந்து மேசைக்கு அடியில் குனிந்து, ஓடிக்கொண்டிருந்த சி.பி.யு.வை வயரோடு வெளியே இழுத்து, மூடியைக் கழற்றத் தோதாகத் தரையில் படுக்கப்போட்டார். பையில் கை போயிற்று. ஸ்குரூ டிரைவர் இல்லை.

“கோடு போயிருச்சு” என்றார் சோலைராஜ்.

தண்டபாணி நிமிர்ந்து பார்த்தார். பெரியவர் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தார்.

“பாத்தீங்களா டீச்சர்? இவரு கையைக் கண்டாலே பயப்படுது” என்றார் சோலைராஜ். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத குரல்.

ஸ்டெல்லா சுவரில் சாய்ந்தபடியே சொன்னார். “மெதுவா நிமித்தி வைங்க சார்.”

நிமிர்த்தினார். சிறிது நேரத்தில் நெற்றியில் பச்சைக் கோடு வந்தது.

“இப்பப் படுக்க வைங்க.”

படுக்கவைத்தார். கோடு போய்விட்டது.

மறுபடி நிமிர்த்தச் சொல்லவில்லை. தண்டபாணி தானாகவே நிமிர்த்தினார், தானாகவே படுக்கவைத்தார். அதன் பிறகு தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெட்டி நிற்கும்போது அந்தச் செங்கல் கனக் கார்டு படுக்கைவாட்டில், ஒரு பக்கம் மட்டும் பிடிமானத்தோடு அந்தரத்தில் தொங்குகிறது. சூடு ஏறினால் இன்னும் கொஞ்சம் தொய்கிறது, உள்ளே எங்கோ தொடர்பு விட்டுப்போகிறது. படுக்கவைத்தால் கார்டு நேராக நின்றுகொள்கிறது. தொங்க எதுவும் இல்லை. அவர் எத்தனை நாள் மேசைமேல் போட்டுப் பார்த்திருந்தாலும் அந்தக் கோடு வந்திருக்காது.

“அப்போ நான் விளையாடல” என்றார் சோலைராஜ்.

தண்டபாணி தலையை ஆட்டினார். மன்னிப்பு என்கிற சொல் அவருக்குப் பழக்கமில்லாதது. அதை ஒரு மாதிரி முணுமுணுத்தார். சோலைராஜ் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. அவர் போனை எடுத்து, அரை மணியில அச்சுக்கு அனுப்பிடறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போஸ்டர் முடிகிறவரை சி.பி.யு.வைப் படுத்தபடியே ஓடவிட்டார்கள். அச்சுக்குப் போனதும் ஸ்டெல்லா ஸ்குரூ டிரைவரைத் திருப்பிக் கொடுத்தார். ஃபிளெக்ஸ் சட்டம் அடித்தது போக மிச்சமாக மூலையில் கிடந்த ரீப்பர் கட்டை ஒன்றைத் தண்டபாணி எடுத்தார். அளந்து ஒரு துண்டு அறுத்து, கார்டின் தொங்கும் முனைக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். நிமிர்த்தி வைத்துச் சாயங்காலம் வரை ஓடவிட்டார்கள். கோடு வரவில்லை.

ஸ்டெல்லா சோலைராஜிடம் ஒளிக்காமல் சொன்னார். கார்டு உள்ளுக்குள் விட்டுக்கொண்டு வருகிறது, இந்த முட்டு கொஞ்ச காலத்துக்குத்தான் தாங்கும், அதற்குள் வேறு ஒரு கார்டு பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்ச காலம் போதும் என்றார் சோலைராஜ். அந்தச் சமயத்தில் மச்சினனிடமிருந்தே போன் வந்தது. கடையை மூடப்போவதாகக் கேள்விப்பட்டாராம்.

“யாரு சொன்னா? இங்க வேலை தலைக்கு மேல கிடக்கு. அப்புறம் பேசறேன், வையி” என்று சொல்லி வைத்துவிட்டு, அவர்கள் வந்ததிலிருந்து முதல் தடவையாக இருவருக்கும் டீ சொன்னார்.

திரும்பி நடக்கும்போது தண்டபாணிக்கு மனசு ஆறவில்லை. அந்த மனிதரை என்னவெல்லாம் பேசிவிட்டோம் என்று குடைந்தது. இன்னொரு பக்கம், இதற்குப் போய் இவ்வளவு வருந்த வேண்டுமா என்றும் இருந்தது. கடைத்தெருவில் பாதி தூரம் வந்தாயிற்று. பிறகு தன்னைத்தானே தேற்றிக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தார்.

“ஒரே ஒரு ஆள் விஷயத்துல சறுக்கிட்டேன் டீச்சர். எத்தனையோ பேருக்கு ஒண்ணும் இல்லைன்னு பாத்து அனுப்பியிருக்கேன். இவரைத் தவிர ஒருத்தராவது திரும்பி வந்திருக்காங்களா?”

ஸ்டெல்லா நடப்பதை நிறுத்தவில்லை.

“வரலை சார். எங்க போனாங்களோ, அதான் எனக்குக் கவலையா இருக்கு.”