வேலிக்கு வெளியே வைத்த வைக்கோல்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று கானாங்கோழிக்கு ஒரே பயம். மாதா கோவில் ஜன்னலுக்குக் கீழே இருந்த மருதாணிப் புதரிலிருந்து குளக்கரைக்கு ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். கேட்ட வாசகத்தை வழியெல்லாம் அலகுக்குள்ளேயே முணுமுணுத்தாள். நாய் குரைத்தால் ஒரு வரி மறந்தது. சைக்கிள் மணி அடித்தால் இன்னொரு வரி மறந்தது.

அந்தக் குளக்கரையில் பெரிய தாழம்புதர் ஒன்று இருந்தது. அதைச் சுற்றி உடைமரங்கள் முள்ளும் கிளையுமாகப் பின்னி வேலிபோல நின்றன. உள்ளே ஆமை, முயல், தவளை, கானாங்கோழி எல்லோரும் குடியிருந்தார்கள். வேலிக்குள் நுழைய ஒரே ஒரு வழிதான். பொழுது சாயும்போது ஆமை ஒரு காய்ந்த முள் கொப்பை இழுத்துவந்து அந்த வழியை அடைப்பார். முதுகில் ஓடு இருந்ததால் அந்த வேலை அவர் தலையில் விழுந்திருந்தது.

வேலிக்கு வெளியே நரி இருந்தான்.

வாரந்தோறும் சனிக்கிழமை சாயங்காலப் பூசையில் உபதேசியார் சூசைமாணிக்கம் கணீரென்று வேதம் வாசிப்பார். அதே வாசகங்களை ஞாயிறு காலையிலும் ஒருமுறை வாசிப்பார்கள். அதைக் கேட்டு வந்து சொல்வது கானாங்கோழியின் பொறுப்பு. ஆமைக்கு நடை போதாது. முயலுக்குக் கோவில் தெரு நாய்கள் ஆகாது. தவளை போனால் பாதிப் பூசையில் தானும் பாட ஆரம்பித்துவிடுவான். ஆகவே, குளத்திலேயே பெரிய பயந்தாங்கொள்ளியான அவள்தான் போய்வந்தாள்.

அவள் சொல்வதை வைத்துத்தான் அந்த வேலிக்குள் வாரம் நடந்தது. எறும்பிடம் போய்ப் புத்தி படி என்று வாசித்த வாரத்தில், எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறுவதைக் கண்டு இவர்களும் மேடேறினார்கள். மறுநாள் கரை உடைந்தும் ஒரு குஞ்சுகூட நனையவில்லை. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடு என்று, வானத்திலிருந்து இறங்கிய உணவைப் பற்றி வாசித்த வாரத்தில், முயல் பதுக்கிவைத்திருந்த கிழங்கை எல்லோருக்கும் பங்கு வைத்தான். இரண்டு கிழங்கு அதற்குள் அழுகியிருந்ததைப் பார்த்து அவனே வெட்கப்பட்டான்.

ஆனால் கானாங்கோழியிடம் ஒரு குறை இருந்தது. இரண்டு வாசகம் முடிந்ததும் கோவிலில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள். பெஞ்சுகள் நகரும். சேலைகள் சரசரக்கும். தன்னைப் பிடிக்கத்தான் எழுந்துவிட்டார்கள் என்று அவள் ஓட்டம் பிடிப்பாள். எழுந்து நின்ற பிறகு அங்கே என்ன வாசிக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது.

போதாக்குறைக்குக் கேலிக்கும் பயந்தாள். பஞ்ச காலத்தில் காக்கை ஒரு தீர்க்கதரிசிக்கு அப்பம் கொண்டுவந்து கொடுத்தது என்று ஒருமுறை சொன்னாள். முயல் விழுந்து விழுந்து சிரித்தான். காக்கை கொண்டுபோகுமே தவிர என்றைக்காவது கொண்டுவந்திருக்கிறதா என்று கேட்டான். அன்றிலிருந்து, சிரிப்பு வரும் என்று தோன்றுகிற இடத்தையெல்லாம் அவள் விட்டுவிட்டுச் சொன்னாள்.

அது கிறிஸ்மஸுக்கு முந்தின வாரங்களில் ஒன்று. ஆமை முள் கொப்பை இழுத்து அடைத்த பிறகு எல்லோரும் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கரித்துண்டு போலக் கறுத்த குஞ்சுகள் அவள் சிறகுக்குள் நுழைந்துகொண்டன.

ஆண்டவருடைய நாள் ஒன்று வரும் என்று அவள் தொடங்கினாள். அந்த நாளில் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஓரிடத்தில் தங்கும். சிறுத்தை வெள்ளாட்டுக்குட்டியின் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். அடுத்து சிங்கத்தைப் பற்றி ஏதோ வந்தது. சிங்கம் மாட்டைப் போல வைக்கோல் தின்னும் என்றா வாசித்தார்? இல்லை, மாடுதான் தின்னும் என்றாரா? முயலின் உதட்டைப் பார்த்தாள். அது இப்போதே துடித்துக்கொண்டிருந்தது. எதற்கு வம்பு என்று அந்த வரியை விழுங்கிவிட்டாள்.

"ஓநாய்னா என்ன அக்கா?" என்று தவளை கேட்டான்.

நரியைப் போலத்தான், கொஞ்சம் பெரிசு என்று சொன்னாள்.

சொல்லி வாய் மூடவில்லை. வேலிக்கு வெளியிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

"தங்கச்சி, இந்த வார்த்தையைக் கேக்கத்தான் நான் இத்தனை காலம் உசிரோட இருந்தேன் போல."

குஞ்சுகள் சிறகுக்குள் உறைந்துபோயின. நரி முள்ளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உருக்கமாகப் பேசினான். வாரந்தோறும் ஒளிந்திருந்து அவள் சொல்வதைக் கேட்கிறானாம். கேட்டுக் கேட்டு மனசு மாறிவிட்டதாம். இன்றைக்கு அந்த நாளே வந்துவிட்டதாம். நாளைச் சாயங்காலம் வழியை அடைக்காமல் விட்டால் தானும் உள்ளே வந்து ஒரு மூலையில் முடங்கிக்கொள்வானாம். தெரு நாய் எதுவும் இனி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதாம்.

நாய் என்றதும் முயலுக்குக் காது நிமிர்ந்தது. தினமும் முள் இழுத்து இழுத்து இடுப்பு ஒடிந்துபோன ஆமைக்கும் யோசனை பிடித்துப்போயிற்று. தவளையோ, நரி மாமா வரும்போது என்ன பாட்டுப் பாடலாம் என்று கேட்கவே தொடங்கிவிட்டான்.

"வேண்டாம்" என்றாள் கானாங்கோழி.

"நீ சொன்ன வாக்குத்தானே பிள்ளே?" என்றார் ஆமை. "சொன்ன நீயே நம்பலைன்னா எப்படி?"

அவள் யோசித்துப் பார்த்தாள். வேதம் பொய் சொல்லாது. நரியோ பொய்யைத் தவிர வேறு சொல்ல மாட்டான். அப்படியானால் கோளாறு நடுவில் இருக்கிறது. நடுவில் இருந்தது அவள்தான்.

விடிந்ததும் கோவிலுக்கு ஓடினாள். மருதாணிப் புதருக்குள் ஒண்டிக்கொண்டாள். உபதேசியார் அதே பகுதியை வாசித்தார். ஓநாய், ஆட்டுக்குட்டி, சிறுத்தை எல்லாம் வந்தன. பிறகு தெளிவாகக் காதில் விழுந்தது. சிங்கம்தான். மாட்டைப் போல வைக்கோல் தின்னப்போவது சிங்கமேதான்.

அந்த வரியை மாத்திரம் எடுத்துக்கொண்டு ஓடியிருப்பாள். அதற்குள் இரண்டாம் வாசகமும் முடிந்து ஜனங்கள் எழுந்து நின்றார்கள். பெஞ்சு கிறீச்சிட்டது. அவளுடைய கால்கள் தாமாகவே ஓட எழும்பின. 'பிடிக்க வருகிறார்கள்' என்று ஒரு பயம் விரட்டியது. 'இன்று சாயங்காலம் வழி திறந்திருக்கும்' என்று இன்னொரு பயம் பிடித்து இழுத்தது. இரண்டாவது பயம்தான் பெரியது. அதில் குஞ்சுகள் இருந்தன. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

யாரும் பிடிக்க வரவில்லை. கேட்பதற்காகத்தான் நின்றார்கள்.

இந்தத் தடவை வாசித்தது பூசை வைக்கும் சாமியார். ஒட்டக மயிர் உடுத்திய ஒருவர் ஆற்றங்கரையில் நின்று சத்தம் போடுகிறார். மனம் மாறிவிட்டோம் என்று கூட்டம் கூட்டமாக வருகிறவர்களைப் பார்த்து, அது வாயளவில் போதாது, மனம் மாறினதற்கு ஏற்ற கனியைக் காட்டுங்கள் என்கிறார். கனி கொடுக்காத மரத்தின் வேரடியில் கோடரி காத்திருக்கிறது என்கிறார்.

இத்தனை காலமும் பாதிச் சோற்றைத் தின்றுவிட்டுப் பந்தியிலிருந்து எழுந்து ஓடியிருக்கிறோம் என்று கானாங்கோழிக்குப் புரிந்தது. பிரசங்கத்துக்கு அவள் நிற்கவில்லை. வரும் வழியில், போரடித்த களத்திலிருந்து அலகு கொண்டமட்டும் வைக்கோலை இழுத்துக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் நரி வந்தான். குளத்தில் முழுகி, வாலைக் கோதி, மாப்பிள்ளை போல வந்தான். முள் கொப்பு ஓரமாகக் கிடந்தது. கானாங்கோழி அந்த வழியின் நடுவில் போய் நின்றாள். வைக்கோலை அவன் முன்னால் தள்ளினாள்.

"அந்த நாள் வந்தா சிங்கமே வைக்கோல் தின்னும்னு எழுதியிருக்கு. நீங்களும் தின்னுங்க அண்ணே."

முயல் சிரித்தான். நேற்று இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். நீ இப்படிச் சிரிப்பாய் என்றுதான் என்றாள் அவள்.

ஆனால் நரி சிரிக்கவில்லை. ஒரு வாய் வைக்கோலை எடுத்தான். மென்றான். கண்ணில் நீர் வர மென்று, கஷ்டப்பட்டு விழுங்கினான்.

"இப்ப நம்புறியா தங்கச்சி?"

ஆமைக்குக் கண் கலங்கிவிட்டது. முயல் சிரிப்பை நிறுத்தினான். கானாங்கோழிக்கோ உலகமே சுற்றியது. தின்றே விட்டானே! இனி என்ன சொல்லி நிறுத்துவது? ஆற்றங்கரையில் சத்தம் போட்டவரை நினைத்துக்கொண்டு மெல்லப் பேசினாள்.

"ஒரு வாய் தின்னது பூ அண்ணே. கனி ஒரே சாயங்காலத்துல காய்க்காது. வேலிக்கு வெளியிலயே கொஞ்ச காலம் இருந்து வைக்கோலைத் தின்னுங்க. அந்த நாள் வந்தது நிசம்னா, வேலிக்கு அந்தப் பக்கமும் வந்திருக்குமே."

நரியின் மீசை ஒருதரம் துடித்தது. நேற்று ஒரு வாக்கு இன்று ஒரு வாக்கா என்று அவன் மற்றவர்களிடம் நியாயம் கேட்டான். தவளைக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்காவுக்கு எப்பவும் பயம்தான். விசுவாசம்னா இப்படியா இருக்கும்? நான் போய்க் கூட்டிட்டு வாரேன்" என்று அவள் காலுக்கு இடையில் புகுந்து வெளியே தாவினான். "வாங்க நரி மாமா!"

பாட்டுக்காக வாயைத் திறந்தான். பாட்டு வரவில்லை.

'லபக்' என்று ஒரு சத்தம்தான் கேட்டது. நரியின் கடைவாயில் ஒரு பக்கம் வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தது. மறுபக்கம் தவளையின் பின்னங்கால் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் உள்ளே போயிற்று.

"பழக்கதோஷம்" என்றான் நரி, உதட்டை நக்கிக்கொண்டு. "வாய் தானா போயிட்டுது. நாளையிலேர்ந்து சரியா இருப்பேன்."

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். முயலின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. ஓடுவதையே தொழிலாக வைத்திருந்த கானாங்கோழி மட்டும் ஓடவில்லை. முள் கொப்பின் நுனியை அலகால் கவ்விப் பின்னோக்கி இழுத்தாள். ஓடு இல்லாத நெஞ்சில் முள் ஏறியது. வெள்ளை இறகில் சிவப்பு ஊறியது. "ஆமையண்ணே!" என்று அலறினாள். அந்த அலறலில் ஆமையின் தலை வெளியே வந்தது. அவர் முதுகால் முட்டித் தள்ள, முயல் பின்னங்காலால் உதைக்க, நரி பாய்வதற்கும் முள் வழியை அடைப்பதற்கும் சரியாக இருந்தது. அவன் மூக்கில் முள் தைத்தது. மனம் மாறினவன் வாயிலிருந்து அப்போது வந்த வசவுகளைச் சொல்ல வேண்டாம், குஞ்சுகள் கேட்டுக்கொண்டிருந்தன.

அன்று வேலிக்குள் யாரும் பாடவில்லை. பாடுகிறவன் இல்லை.

மறுநாளே கானாங்கோழி கூட்டை மாற்றினாள். குளத்தின் நடுவில் இருந்த நாணல் திட்டுக்குக் குஞ்சுகளை நீந்த வைத்துக் கூட்டிப்போனாள். சுற்றிலும் தண்ணீர், நரிக்கு எட்டாத ஆழம். கோவிலுக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. ஜனங்கள் எழுந்து நிற்கும்போது மருதாணிப் புதருக்குள் அவளும் நிமிர்ந்து நிற்கிறாள். நடுக்கம் போகவில்லை. நடுங்கிக்கொண்டே கடைசிவரை கேட்டுவிட்டு வருகிறாள். வேலிக்குள் வந்து, சிரிப்பு வரும் இடத்தையும் விடாமல் சொல்கிறாள். முயல் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை.

வேலிக்கு வெளியே ஒரு கட்டு வைக்கோலும் வைத்திருக்கிறாள். அந்த நாள் வரத்தான் போகிறது, வந்தால் வைக்கோல் குறையும் என்று குஞ்சுகளுக்குச் சொல்லியிருக்கிறாள். தினமும் பொழுது சாயும்போது நாணலை விலக்கி எட்டிப் பார்க்கிறாள். வைக்கோல் வைத்தபடியே இருக்கிறது. ஆமை முள் கொப்பை இழுக்கிற சத்தம் காதில் விழுந்த பிறகுதான் சிறகுக்குள் தலையை வைக்கிறாள்.

வேத வாக்கைப் பாதி கேட்டு நம்புகிறவன் பகைவனுக்கே வழியைத் திறந்துவிடுவான்; முழுதும் கேட்டவனோ கடவுளை நம்புவான், வந்து நிற்பவனிடம் கனியைக் கேட்பான்.