இரண்டு அரசர்களும் ஆள்காட்டியின் நான்காவது முட்டையும்

அந்தக் காலத்தில், பறவைக்கும் விலங்குக்கும் பேச்சு ஒன்றாக இருந்தபோது, ஆலங்கரை ஏரியில் நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலில், முதலைகள் நாரைக் குஞ்சுகளைத் தின்றன. அதற்குப் பதிலடியாகக் கழுகுகள் ஆமைக் குஞ்சுகளைத் தூக்கின. அதன் பிறகு நீரினத்துக்கும் மரத்தினத்துக்கும் போர் மூண்டது. கடைசியாக, இரு படைகளுக்கும் நடுவில் தவளைகளும் நத்தைகளும் மிதிபட்டுச் செத்தன. அவற்றுக்காக அழ எந்த அரசனும் வரவில்லை.

அழுதவள் ஆள்காட்டிப் பறவை. அப்போது அவளும் மரத்தில்தான் கூடு கட்டினாள். சின்ன உயிர்களையெல்லாம் திரட்டி மதகின் மேல் உட்கார வைத்தாள். சமாதானம் ஆகாமல் எழுந்திருப்பதில்லை என்றார்கள். ஒன்பது நாள். எப்பேர்ப்பட்ட நாட்கள் அவை! பட்டினி வயிற்றோடு தவளைகள் பாடின. காலி ஓடுகளில் மழைநீரைப் பிடித்து நத்தைகள் எல்லோருக்கும் கொடுத்தன. நீ எந்த இனம் என்று ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை. அப்படியொரு கூட்டம் அந்தக் கரையில் அப்புறம் கூடவே இல்லை.

பத்தாம் நாள் முதலையரசனும் கழுகரசனும் இறங்கி வந்து கூட்டரசு அமைத்தார்கள். இருவரும் சம்மதித்தால்தான் எதுவும் நடக்கும், பதவிகள் சரிபாதி. மீன்களுக்குக் காவல் நீர்நாய். முட்டைகளுக்குக் காவல் கரிமுகன் என்ற காகம். பருவந்தோறும் உடன்படிக்கையைச் சபையில் வாசிக்கும் வேலை ஆள்காட்டிக்கு. தவளைக்கும் நத்தைக்கும் ஒன்றும் இல்லை. போர் நின்றது; அதை நான் மறுக்கவில்லை.

அடுத்த கோடையில் ஆள்காட்டி நான்கு முட்டையிட்டாள். மூன்றைக் கரிமுகன் தின்றதைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். நேரே முதலையிடம் போனாள்.

"காவல்காரனே தின்கிறான், அரசே. அவனை நீக்குங்கள். இன்னும் ஒரு முட்டை மிச்சமிருக்கிறது."

"அவன் கழுகாருடைய ஆள், அம்மா. நான் கை வைத்தால் அவர் என் நீர்நாயின் மேல் கை வைப்பார்."

"நீர்நாய் என்ன செய்தான்?"

"அவன் தொப்பையைப் பார்த்துமா கேட்கிறாய்?"

கழுகிடம் போனாள்.

"பெயரை வெளியே சொன்னால் கூட்டரசு கவிழும். மூன்று முட்டைக்காக மறுபடி போர் வரட்டுமா?"

"நான் கேட்பது நாலாவதுக்காக."

"மதகில் உட்கார்ந்து மிரட்டிய காலம் மலையேறிவிட்டது. போ, போய் அடைகாக்கிற வேலையைப் பார்."

இரண்டு நாளில் மழைப் பருவம் பிறந்தது. சபை கூடியது. முன்வரிசையில் கரிமுகன் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தான். ஆள்காட்டி உடன்படிக்கையை முழுவதும் வாசித்து முடித்தாள்; இறங்கவில்லை.

"இன்னும் ஒரு வரி இருக்கிறது" என்றாள்.

"எங்களுக்குத் தெரியாத வரியா?" என்றான் கழுகரசன்.

"தெரிந்ததுதான். முட்டைகளைத் தின்றவன் கரிமுகன்."

கூட்டரசு கவிழவில்லை. போரும் வரவில்லை.

"இவளுக்கு இனி மரத்தில் இடமில்லை" என்றான் கழுகரசன்.

"நீரிலும் இல்லை" என்றான் முதலையரசன்.

அவர்கள் இருவரும் வாதமில்லாமல் ஒத்துப்போன முதல் தீர்மானம் அதுதான்.

மிஞ்சிய முட்டையை ஓர் அணில் மரத்திலிருந்து இறக்கிக் கொடுத்தது. தவளைகள் அதைச் சேற்றில் உருட்டி உருட்டிக் கரைமேட்டுக்குக் கொண்டுபோயின. கூழாங்கற்களுக்கு நடுவே அது இன்னொரு கல்லாகக் கிடந்தது. கரிமுகன் தேடி வந்தான். பக்கத்திலேயே நடந்தும் அவன் கண்ணில் படவில்லை. ஆள்காட்டி தலைக்கு மேல் எழும்பி அவன் பெயரை ஏரி அதிரக் கூவினாள். "கேட்டோம், கேட்டோம்" என்றன தவளைகள். அவன் பறந்து போனான். குஞ்சு பொரித்தது.

அன்று முதல்தான் ஆள்காட்டி வெறுந்தரையில் சேறு தெறித்தாற்போன்ற முட்டைகளை இடுகிறாள். எவன் அந்தப் பக்கம் கால் வைத்தாலும், கேட்பவர் அத்தனை பேரையும் சாட்சியாக வைத்து, வந்தவன் பெயரை உரக்க வாசிக்கிறாள்.